சின்னவள் வந்துவிட்டாள்

தங்கையின் ஊதாச் சேலையைக் கட்டி, தங்கையின் பவுடரைப் பூசி, தங்கையைப்போலவே காலை மெல்லத் தேய்த்து நடந்து சிவசக்தி உள்ளே போனபோது, அம்மா வழக்கமாகச் சிரிப்பதுபோல் சிரிக்கவில்லை. பார்வை போன கண்களைக் கதவுப் பக்கம் திருப்பி, தலையைச் சாய்த்து, எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்னவளே, உன் பின்னால யாரு?"

"யாருமில்லம்மா. நான் மட்டுந்தான்."

"இல்ல. இன்னொரு ஆளு மூச்சு வாங்குது. மேட்டுல ஏறி வந்த மாதிரி."

சிவசக்தி திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு, வெளியே இஸ்தோப்புத் திண்ணை, அதற்கப்பால் லயத்து வீடுகளின் கூரைகளையெல்லாம் விழுங்கிவிட்ட மடுல்சீமை மலைப்பனி. அவ்வளவுதான். ஆனால் பச்சைத் தேயிலைக் கொழுந்தும் நனைந்த சாக்கும் கலந்த வாடை ஒன்று கதவடியில் நின்றது. மலையிலிருந்து வருகிற எந்தப் பெண்ணிடமும் அடிக்கிற வாடைதான். ஆனால் அவள் அரைமணி நேரத்துக்கு முன்புதான் சோப்புப் போட்டுக் குளித்திருந்தாள்.

இந்த வேஷம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அம்மா பாக்கியலெட்சுமிக்குச் சீனி வருத்தம் முதலில் கண்ணைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தைத் தின்றது. பதினொரு மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் அம்மாவைக் கதிரையில் உட்கார வைத்து ரோடு வரைக்கும் தூக்கிப்போய், பஸ்ஸில் மடியில் சாய்த்துக்கொண்டு, பதுளைக்கு இரத்தம் சுத்தம் பண்ணக் கொண்டுபோனவள் மூத்தவள் சிவசக்தி. பீயும் மூத்திரமும் அள்ளியவள் சிவசக்தி. வந்த ஒரு சம்பந்தத்தையும் அம்மாவுக்காக வேண்டாமென்றவள் சிவசக்தி. இளையவள் விஜயலெட்சுமி நாலு வருடமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை ஃபோனில் அழுவாள். அந்த அழுகைக்கே அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். பக்கத்தில் கஞ்சிக் கோப்பையோடு நிற்கிறவளுக்கு வயிறு எரியும்.

இனி இரத்தம் சுத்தம் பண்ணினால் இதயம் தாங்காது, வீட்டில் வைத்து விருப்பமானதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகு, அம்மா ஒன்பது நாள் கண் மூடிக் கிடந்தாள். சாப்பாடில்லை, பேச்சில்லை, உயிர் மட்டும் போகவில்லை. பக்கத்துக் காம்பரா ராக்காயி அத்தைதான் வழி சொன்னாள்.

"சின்னவ மேலதான்டி உசுரு தொங்குது. அவ சேலயக் கட்டிக்க. 'சின்னவ வந்துட்டேம்மா'னு சொல்லி உடனே பால ஊத்திரு. நிம்மதியாப் போயிரும். ஒரே தடவதான், சக்தி. பேரச் சொல்லிட்டுப் பால் ஊத்தாம இருக்கக் கூடாது."

அந்த லயத்தில் பலருக்கும் அப்படித்தான் செய்திருந்தார்கள். தூரத்துப் பிள்ளையின் பெயரில் கிட்டத்துப் பிள்ளை பால் ஊற்றும். சிவசக்தியும் செய்யத்தான் போனாள். "சின்னவ வந்துட்டேம்மா" என்றாள். ஒன்பது நாள் அசையாத கை எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தடவியது. "என் ராசாத்தி, என் கண்ணு" என்று அம்மா அழுதாள். அவள் தலையை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். முப்பத்தெட்டு வயதில் சிவசக்திக்கு அம்மாவிடமிருந்து கிடைத்த முதல் முத்தம். அதுவும் அவளுக்கில்லை.

பாலை அவள் வாசல் சாக்கடைக் கானில் கொட்டினாள்.

மறுநாள் அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

அன்றிலிருந்து காலையில் அவள் சிவசக்தி. கழுவுவாள், துடைப்பாள், "என்னாடி கையி இது, அரம் மாதிரி" என்று ஏச்சு வாங்குவாள், கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவாள். நாலரைக்கு வந்து குளித்து, கைக்குத் தேங்காயெண்ணெய் பூசி, விஜியாவாள். விஜிக்கு அம்மா கதை சொன்னாள். விஜியின் விரல்களை ஒவ்வொன்றாய் நீவிவிட்டாள். விஜி ஊட்டினால் கசப்பு மாத்திரைகூட இறங்கியது. குவைத்திலிருந்து உண்மையான விஜி பேசியபோது, "இது யாரு? சின்னவ இங்கல்ல இருக்கா" என்று அம்மா ஃபோனைத் தள்ளிவிட்டாள். அம்மாவுக்கு இப்போதெல்லாம் புத்தி தடுமாறுகிறது என்று சிவசக்தி தங்கைக்குச் சமாதானம் சொன்னாள். அன்றிரவு கோயில் திருவிழாவுக்குப் போய்வந்தவளைப்போல் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒன்றுதான் இடித்தது. அம்மா விஜியிடம் மூத்தவளைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினாள்.

"அவ கை பட்டா எரியுதுடி. பேசவும் மாட்டா. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பா. நீ இருக்கையில அவள உள்ள விடாத."

நான்தானே அது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அம்மாவின் கை அவள் கைக்குள் இருந்தது, சூடாக, பஞ்சாக.

"விட மாட்டேம்மா" என்றாள்.

அதற்கு அடுத்த நாள்தான் அம்மா, உன் பின்னால் யாரென்று கேட்டாள்.

அதன் பிறகு சின்னச் சின்னதாய் நடந்தது. விஜியாக அவள் உட்கார்ந்திருக்கும்போது அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் வரும். போய்ப் பார்த்தால் கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும், நீர் இன்னும் சொட்டும். அம்மாவின் அழுக்குத் துணி இஸ்தோப்பில் அலசிக் காய்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் மாத்திரையைக் கரைத்து எடுத்து வந்தால், அம்மாவின் உதட்டோரம் ஏற்கனவே மருந்தின் வெள்ளை. "இப்பத்தான பெரியவ குடுத்துட்டுப் போனா. சனியன், வாயத் தொறன்னு அமுக்குறா" என்றாள் அம்மா.

சிவசக்திக்குப் பயம் வந்தது. பயத்தைவிட எரிச்சல் வந்தது. அவள் கழுவுகிற கோப்பையை இன்னொருத்தி கழுவுகிறாள். அவள் அம்மாவை இன்னொருத்தி தொடுகிறாள்.

பௌர்ணமிப் போயா தினம் வந்தது. தோட்டத்துக்கு லீவு. காலையில் ஆள் எடுக்கிற பெரட்டு இல்லை, கொழுந்து இல்லை. விடியும்போதே அவள் ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டாள். ஒருநாள் முழுக்க, காலையிலிருந்து, சின்னவளாகவே இருக்கலாம் என்று ஆசை. மூத்தவள் எங்கே என்று அம்மா கேட்கவேயில்லை. ரொட்டியைப் பிய்த்து ஊட்டினாள். தலை வாரிவிட்டாள். அம்மா அவள் மடியில் சாய்ந்தபடி, விஜி பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றிச் சொன்னாள். சிவசக்தி பிறந்த அன்று என்ன பெய்தது என்று அம்மா எந்நாளும் சொன்னதில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு பனி இறங்கியது. பக்கத்துக் காம்பராவின் டீவிச் சத்தம் தேய்ந்து, கானில் நீர் ஓடும் சத்தம் தேய்ந்து, கூரைத் தகரத்தில் ஈரம் சேர்ந்து சொட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. அவள் எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மணி நாலரை.

மேட்டுப் பாதையில் காலடி கேட்டது. சேற்றில் பதிந்து பதிந்து எழும் வெறுங்கால். இடுப்பில் கட்டிய சாக்கு தொடையில் உரசும் சத்தம். இஸ்தோப்பில் கூடையை இறக்கி வைக்கும் சத்தம்.

"வந்துட்டா" என்றாள் அம்மா. அவள் விரல்கள் சிவசக்தியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. "விடாத."

வெளியே ராக்காயி அத்தையின் குரல், வெகு சாதாரணமாக. "என்னாடி சக்தி, போயாவும் அதுவுமா மலைக்கா போன?"

"வெறகுக்குப் போனேன் அத்த."

அது அவளுடைய குரல். சளி கட்டிய, களைத்த, யாரும் திரும்பிப் பார்க்காத அவளுடைய குரல்.

வாயைத் திறந்தாள். அத்த, நான் இங்க இருக்கேன், நான்தான் சக்தி. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஒரே வரி. ஆனால் சொன்னால் அம்மாவும் கேட்பாள். சொன்னால் இந்தக் கை விட்டுவிடும்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. அது தானாக, பழக்கப்பட்ட கைக்கு நகர்வதுபோல் நகர்ந்தது.

உள்ளே வந்தவள் அவளைப் பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள். நெருப்பு ஊதும் சத்தம். பால் காயும் வாசனை. டம்ளரோடு வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். ஈரச் சாக்கு. வெடித்த விரல்கள். அவளுடைய முகம். அழுதழுது பழகிப்போன, பதினொரு மாதம் தூங்காத அவளுடைய முகம்.

அம்மாவின் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அவ்வளவு பக்குவமாக.

"அம்மா, சின்னவ வந்துட்டா" என்றாள். பாலை ஊற்றினாள்.

"வேணாம்" என்று சிவசக்தி கத்தினாள். சத்தம் வரவில்லை.

ஒரு மிடறு. இரண்டு. மூன்றாவது உதட்டோரம் வழிந்தது. மறுபக்கம் இருந்தவள் முந்தானையால் அதைத் துடைத்தாள். பிறகு மார்பில் அறைந்துகொண்டு, லயம் முழுக்கக் கேட்க, "என்னப் பெத்த அம்மா" என்று ஓலமிட்டாள்.

கதவு நிறைய ஆட்கள். ராக்காயி அத்தை முன்னால் ஓடி வந்து அழுகிறவளைக் கட்டிக்கொண்டாள். "போதும்டி சக்தி. ஒத்த ஆளா நின்னு பாத்த. ஒன்னப் போல எந்தப் புள்ள பாக்கும்?" ஊதாச் சேலைக்காரியை யாரும் பார்க்கவில்லை. ஒருத்தி அவளுக்கு ஊடாகக் கையை நீட்டித் தலையணையை உருவினாள்.

சிவசக்தி மணிக்கட்டை இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். அம்மாவின் விரல்கள் குளிர்ந்துகொண்டே இறுகின.

"கைய பாரேன்" என்றாள் ராக்காயி அத்தை. "அந்தரத்துல என்னத்தையோ புடிச்ச மாதிரி இருக்கு."

அத்தை அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"விறைக்கிறதுக்குள்ள கட்டிருவோம். துணி கொண்டாங்க."

கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். தாடையைக் கட்டினார்கள். கைகளை மடக்கி நெஞ்சின் மேல் அழுத்தியபோது சிவசக்தியும் மடங்கி அம்மாவின் மேல் விழுந்தாள். வெள்ளைத் துணியை அழுகிறவள் தானே வாங்கினாள். அம்மாவின் இரண்டு கைகளோடும் நடுவில் இருந்த சிவசக்தியின் மணிக்கட்டோடும் அதைச் சுற்றினாள். ஒருமுறை. இருமுறை.

முதன்முறையாக நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தாள்.

பிறகு முடிச்சை இறுக்கினாள்.