கடலுக்குள் ஒரு மீசை

அப்பாவைத் தெரியாதவர்கள்கூட அவருடைய மீசையைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அப்பா முடி திருத்துபவர். கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் வழி சொல்பவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "நேரா போய் மீசைக்காரர் கடைகிட்ட திரும்புங்க" என்பார்கள். இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்த, அடர்த்தியான, கருகருவென்ற மீசை. மகிழ்ச்சி வந்தால் அப்பா பேசமாட்டார். மீசை நுனியைப் பிடித்து முறுக்குவார். அதைப் பார்த்தே அன்றைக்குக் கடையில் கூட்டமா இல்லையா என்று அம்மாவும் கடுகும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடுகு என்பது மகளின் செல்லப்பெயர். பதினோரு வயது. வகுப்பு வரிசையில் எப்போதும் முதலில் நிற்பவள். உயரம் குறைவு, அதனால்தான்.

கடைச் சுவரில் கடலின் அடிப்பகுதியைக் காட்டும் பெரிய படம் ஒன்று இருந்தது. முன்பு அந்த இடத்தில் மீன்தொட்டி விற்றவர் ஒட்டிவிட்டுப் போனது. அப்பா முடி வெட்டும்போதெல்லாம் எதிரே இருந்த கண்ணாடியில் அந்தப் படம் தெரியும். முக்கியமாக, மஞ்சள் வாலுள்ள ஒரு நீல மீன். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர்களுடைய இடது காதுக்கு மேலே அது நீந்திக்கொண்டிருக்கும்.

"ஒரு நாள் இந்த மீனை நேர்ல பாத்துடணும்" என்று எல்லோரிடமும் சொல்வார் அப்பா. யாரும் தலையாட்டியதில்லை. கத்தி காதோரம் இருக்கும்போது எப்படி ஆட்டுவது?

கடைசியில் அந்த நாள் வந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அப்பா கடையைப் பூட்டினார். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலை பார்க்கும் அம்மாவும் விடுப்பு எடுத்தார். மூன்று பேரும் கடல் நடுவே இருந்த ஒரு தீவுக்குப் போய் இறங்கினார்கள்.

அங்கே ஆழ்கடலில் மூழ்கக் கற்றுத்தருகிற பள்ளி இருந்தது. முதலில் நீச்சல் குளத்தில் பயிற்சி, பிறகு கடல். பயிற்சி தரும் அக்கா குட்டையாக முடி வெட்டியிருந்தார். முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை.

"அவங்க எப்பவுமே இப்படித்தான்" என்று படகு ஓட்டுபவர் கடுகின் காதில் சொன்னார். "பாதி நாள் தண்ணிக்குள்ளயே இருக்காங்க இல்ல, முகம் அப்படியே பழகிடுச்சு."

உண்மையான காரணம் சீக்கிரமே புரிந்தது. கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க் ஒன்றைக் காட்டி அக்கா சொன்னார்:

"இதோட ரப்பர் விளிம்பு தோலோட ஒட்டி இருக்கணும். சிரிச்சா கன்னம் ஏறும். கன்னம் ஏறினா ரப்பர் தூக்கும். தூக்கினா தண்ணி உள்ள வந்துடும். அதனால தண்ணிக்குள்ள யாரும் சிரிக்கக் கூடாது."

அம்மாவும் கடுகும் சமர்த்தாகச் செய்தார்கள். அப்பா மூழ்கிய வேகத்தில் எழுந்தார். மாஸ்க்கில் மூக்குவரை தண்ணீர்.

"சிரிச்சீங்களா?" என்றார் அக்கா.

"சத்தியமா இல்லைம்மா."

அக்கா அவருடைய முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "மீசை. ரப்பர் தோல்ல உக்காரவே இல்லை. மீசை மேல உக்காந்திருக்கு."

மீசையில் வாசலின் தடவிப் பார்த்தார்கள். சிலருக்கு அது போதுமாம். அப்பாவின் மீசைக்குப் போதவில்லை. மாஸ்க் வழுக்கிக்கொண்டு நெற்றிக்குப் போய்விட்டது.

"மீசையை எடுத்தாதான் கடல். நீங்களே முடிவு பண்ணிக்கோங்க சார்."

அப்பா கைகளால் மீசையை மூடிக்கொண்டார், குழந்தையின் காதைப் பொத்துவதுபோல.

அன்று மாலை அப்பா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது. எத்தனையோ மீசைகளைச் சீவி ஒதுக்கிய கைதான். ஆனாலும் வெகு நேரம் ஆனது.

"வெளிய வரேன். யாரும் சிரிக்கக் கூடாது" என்று உள்ளிருந்தே சொன்னார்.

"சிரிக்க மாட்டோம்" என்றார்கள் இருவரும்.

அப்பா வந்து, முகத்திலிருந்த துண்டை எடுத்தார்.

முகமெல்லாம் வெயிலில் கறுத்திருக்க, மூக்குக்குக் கீழே மட்டும் வெளுப்பாக ஒரு பட்டை இருந்தது. பல வருடம் காலண்டர் தொங்கிய சுவரில் காலண்டரை எடுத்தால் ஒரு இடம் தெரியுமே, அதேபோல.

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு அவரையும் மீறி, அறிவிப்புக் குரலில் வந்துவிட்டது:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. முதலாவது நடைமேடையில் நீண்ட காலமாக நின்றுகொண்டிருந்த மீசை இப்போது புறப்பட்டுவிட்டது."

கடுகு கட்டிலில் விழுந்து சிரித்தாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். ஆனால் அவர் விரல்கள் பழக்கதோஷத்தில் மீசையைத் தேடிப் போய், காற்றைப் பிடித்துவிட்டுத் திரும்பின.

மறுநாள் குளத்தில் அப்பாவின் மாஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. சிக்கல் இப்போது மற்ற இருவருக்கும். தண்ணீருக்கடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போகவேண்டும் என்பது விதி. அம்மா அப்பாவைப் பார்த்தார், மாஸ்க் நிறைந்தது. கடுகு பார்த்தாள், அவளுடையதும் நிறைந்தது.

"குளத்துல பரவாயில்லை" என்றார் அக்கா. "கடல்ல இப்படி ஆனா பதறிடுவீங்க. நாளைக்குக் காலையில இன்னொரு தடவை பாப்பேன். அப்பவும் சிரிச்சா கூட்டிட்டுப் போக முடியாது."

நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்பவேண்டும்.

அறைக்குத் திரும்பும் வழியில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் கரையில இருக்கேன். என் மூஞ்சி இல்லைன்னா சிரிப்பு வராதுல்ல."

"என்னங்க இது, உங்களுக்காகத்தானே வந்தோம்" என்றார் அம்மா. சொல்லும்போது வேண்டுமென்றே கடலைப் பார்த்துக்கொண்டார். அப்பாவைப் பார்த்திருந்தால் பேச்சு முடிந்திருக்காது.

கடுகு பின்தங்கி நடந்தாள். மீசையையும் கொடுத்துவிட்டு, மீனையும் பார்க்காமல் அப்பா ஊருக்குப் போவதா?

இரவு உணவின்போது அவள் அப்பாவின் முகத்தையே யோசனையோடு பார்த்தாள். இந்த முகத்தில் என்ன வேடிக்கை இருக்கிறது? அதே கண். அதே மூக்கு. திடீரென்று எழுந்து, அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் கறுப்புச் சீப்பை எடுத்து, அவருடைய மூக்குக்குக் கீழே குறுக்காக வைத்தாள்.

"அம்மா, இப்ப பாரும்மா."

அம்மா பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

கடுகு சீப்பை எடுத்தாள். அம்மா தட்டுக்குள் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. மறுபடி வைத்தாள். அம்மா நிமிர்ந்தார், அமைதியானார்.

பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"என்ன பண்றே கடுகு?" என்றார் அப்பா, சீப்புக்கு அடியிலிருந்து.

"உங்க முகம் வேடிக்கையா இல்லைப்பா. அங்க ஒண்ணும் இல்லாததுதான் வேடிக்கை. ஏதாவது இருந்தா போதும்."

காலையில் அவள் படகுத்துறைக்கு முதல் ஆளாக ஓடினாள். படகு ஓட்டுபவர் இன்ஜின் வயருக்குக் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கொஞ்சம் டேப் தர்றீங்களா?"

"எதுக்கும்மா?"

"மீசைக்கு."

அவர் ஏதோ கேட்க வாய் திறந்தார். பிறகு வேண்டாம் என்று டேப்பைக் கிழித்துக் கொடுத்தார்.

மூழ்குபவர்கள் பல்லால் கடித்துக்கொண்டு காற்று இழுக்கும் மூச்சுக் கருவி அங்கே மஞ்சள் நிறம். கடுகு டேப்பின் நுனிகளை மட்டும் இரட்டையாக மடித்து, மேல்நோக்கி வளைத்து, அப்பாவுடைய கருவியின் முன்பக்க மேல்விளிம்பில் ஒட்டினாள். பிறகு அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"அக்கா, இது இருக்கலாமா?"

அக்கா காற்றுத் தொட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "நடுவுல இருக்கிற பொத்தானை மறைக்கலை. காத்து வெளிய போற வழியும் அடைபடலை. இருக்கட்டும்." என்ன, ஏன் என்று கேட்கவில்லை.

கரையோரம் ஆழமில்லாத இடத்தில் சோதனை. அக்கா அப்பாவுக்குப் பின்னால் நின்று, எதிரே இருந்த இருவரின் மாஸ்க்குகளையும் கூர்ந்து பார்த்தார். அப்பா மூச்சுக் கருவியைக் கடித்துக்கொண்டு மூழ்கினார்.

அம்மா பார்த்தார். கடுகு பார்த்தாள். எதிரே இருந்தது அவர்களுக்குத் தெரிந்த அப்பா. வழக்கமான அப்பா. தினமும் சாப்பாட்டு மேசையில் பார்க்கிற அப்பா. இரண்டு மாஸ்க்கும் காய்ந்தே இருந்தன.

"சரி, கிளம்பலாம்" என்றார் அக்கா.

கீழே போகப் போகக் கடல் அமைதியானது. கேட்டதெல்லாம் அவரவர் மூச்சுக் குமிழிகளின் சத்தம் மட்டும்தான். அம்மாகூட எதையும் அறிவிக்க முடியவில்லை. பவளப் பாறைகளில் செந்நிறமும் ஊதாவும் கலந்திருந்தன. பாறை இடுக்கிலிருந்து ஒரு மீன் வெளியே வந்தது. நீல உடல். மஞ்சள் வால்.

அப்பா அசையாமல் நின்றார். மீன் அவரை நோக்கி வந்து, முகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, இடது காதுக்கு மேலே போய் நின்றது.

அப்பாவின் கை தானாக மேலே போனது. நுனியைத் தேடியது. இந்தமுறை நுனி இருந்தது. இரண்டு விரல்களால் பிடித்து, ரசித்து, ஒரு முறுக்கு முறுக்கினார்.

கடுகுக்கும் அம்மாவுக்கும் அது தினம் பார்க்கிற காட்சி. ஆனால் அப்பாவுக்கு நேர் எதிரே அக்கா இருந்தார். கடலுக்கடியில் ஒரு மனிதர் மஞ்சள் கருவியின்மேல் டேப் மீசையை முறுக்குவதை அவர் இதுவரை பார்த்ததில்லை.

அக்காவின் கன்னம் ஏறியது. குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின. மாஸ்க்கில் கண்வரை தண்ணீர். தலையை நிமிர்த்தி, மூக்கால் ஊதி, தண்ணீரை வெளியேற்றினார். திரும்பப் பார்த்தார். அப்பா மறு நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். மறுபடி தண்ணீர்.

மேலே வந்து படகில் ஏறியதும் அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "என் மாஸ்க்ல பட்டை கொஞ்சம் லூஸ்."

"ஆமாமா, இருக்கும்" என்றார் படகு ஓட்டுபவர்.

அப்பா மூச்சுக் கருவியை வாயிலிருந்து எடுத்தார். மீசையும் கூடவே போனது. மூக்குக்குக் கீழே அந்த வெளுத்த பட்டை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

அம்மா பார்த்தார். கடுகு பார்த்தாள். இருவரும் உதட்டை இறுக்கிக்கொண்டார்கள்.

"எதுக்கு அடக்கறீங்க?" என்றார் அக்கா, மாஸ்க்கைக் கழற்றிக் கீழே வைத்தபடி. "அதான் மேல வந்தாச்சே."

முதலில் சிரித்தது அவர்தான்.