அலமாரிக்குள் பத்துப் பந்துகள்

தொணதொணவுக்குப் பத்து வயது. அது அவளுடைய பெயர் இல்லை, மாமா வைத்த பட்டம். கண் விழித்ததிலிருந்து "ஏன்? எதுக்கு? அப்புறம்?" என்று துளைத்தெடுப்பவளுக்கு வேறு என்ன பட்டம் கிடைக்கும்?

மாமா வெளிநாட்டில் ஒரு தொண்டு மருத்துவமனையில் நர்ஸ். விடுமுறைக்கு அவளும் அம்மாவும் அங்கே கிளம்பினார்கள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் ஏழைப் பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்காக அவள் ஒரு கால்பந்து வாங்கினாள். ஆறு மாதம் ஐஸ்கிரீம் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் வாங்கிய பந்து அது.

அம்மாவுக்குச் சைக்கிள் கடை. துணிமணிக்கு நடுவே ரிப்பேர் சாமான் டப்பாவைத் திணித்தார்.

"ஊர் சுத்தப் போறப்ப இது எதுக்கும்மா?"

"உங்க மாமா சைக்கிள் எந்தக் கோலத்துல கிடக்கோ! என் கையும் சும்மா இருக்காதுடி."

பள்ளிக்கூடத்தில் டீச்சர் பந்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். பிறகு ஓர் இரட்டைச் சடைக்காரி, தூங்கும் குழந்தையைத் தூக்குவது போலப் பந்தைத் தூக்கிப்போய் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

எல்லோரும் வெளியே ஓடினார்கள். பழைய துணியைச் சுருட்டிக் கயிற்றால் கட்டியிருந்த ஓர் உருண்டையை உதைத்து விளையாட ஆரம்பித்தார்கள்.

தொணதொணவின் முகம் சுண்டிப்போனது.

"மாமா, என் பந்து பிடிக்கலையா அவங்களுக்கு?"

"சேச்சே, ஏன் பிடிக்காம?"

"அப்ப ஏன் பூட்டி வெச்சாங்க?"

"தெரியலையே கண்ணு."

"நீங்க கேட்டதே இல்லையா?"

மாமா தலையைச் சொறிந்தார். மூன்று வருடமாக அதே தெருவில்தான் இருக்கிறார். கேட்டதில்லை.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படியே வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் கேட்காமல் போனால் மண்டை வெடித்துவிடுமே! மாமாவின் கையைப் பிடித்து இரட்டைச் சடைக்காரியிடம் இழுத்துப் போனாள்.

மாமா அந்த ஊர்ப் பேச்சில் கேட்டார். இரட்டைச் சடைக்காரி டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். டீச்சர் தலையசைத்ததும் அலமாரியைத் திறந்தாள்.

புதுப் பந்துக்குப் பின்னால் இன்னும் பத்துப் பந்துகள் இருந்தன. பத்தும் காற்றுப் போய்ச் சப்பையாகக் கிடந்தன.

"வர்றவங்க எல்லாரும் பந்துதான் கொண்டு வர்றாங்களாம். கொஞ்ச நாள்ல காத்து இறங்கிடுதாம். அதான் உன் பந்தை விளையாட்டு விழாவுக்குன்னு பத்திரமா வெச்சிருக்காங்க" என்றார் மாமா.

"பம்பு இல்லையா?"

"பள்ளிக்கூடக் காவல்காரர்கிட்ட சைக்கிள் பம்பு இருக்காம். பந்துல சொருகுற ஊசிதான் உடைஞ்சுபோச்சாம். இங்க எந்தக் கடையிலயும் கிடைக்காதாம்."

"அதை வர்றவங்ககிட்ட சொல்லலாம்ல?"

இரட்டைச் சடைக்காரி தரையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள்.

"ஆசையா ஒண்ணைக் கொண்டு வந்து நீட்டுறவங்ககிட்ட, இது வேணாம் அது வேணும்னு எப்படிச் சொல்றதுன்னு கேக்குறா. யாரும் கேக்கவும் இல்லையாம்."

தொணதொண அடுத்த நொடியே மாமா வீட்டுக்கு ஓட்டம் பிடித்தாள்.

"அம்மா! உங்க டப்பா!"

டப்பாவின் மூலையில், ஆணிகளுக்கு அடியில், கடைக்கு வரும் பந்துகளுக்குக் காற்றடிக்கும் ஊசிகள் மூன்று இருந்தன. "எதுக்குன்னு கேட்டியே, இப்பத் தெரியுதா?" என்று சொல்லிக்கொண்டே அம்மாவும் பின்னால் ஓடி வந்தார்.

தொணதொண ஊசியைத் தண்ணீரில் நனைத்தாள். நேராகச் சொருகினாள். சாய்த்தால் ஒடிந்துவிடும் என்று கையாலேயே காட்டினாள். இரண்டாவது பந்துக்கு இரட்டைச் சடைக்காரியே சொருகினாள். காவல்காரர் மூச்சு வாங்க வாங்கப் பம்பு அடித்தார்.

இரண்டு பந்துகள் உஸ்ஸென்று கைவிட்டுவிட்டன. மற்ற எட்டும் கும்மென்று உப்பின. இனி எதற்குப் பூட்டு? புதுப் பந்தும் வெளியே வந்தது. ஐந்தே நிமிடத்தில் அது சேறும் சகதியுமாக ஆனதைப் பார்த்து, வாங்கிய நாளில்கூட வராத சந்தோஷம் வந்தது தொணதொணவுக்கு.

ஊசிகளைப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

"மாமா, என்னென்ன வேணும்னு அவங்களையே எழுதித் தரச் சொல்லுங்க. இங்க வர்றவங்க பெட்டி கட்டுறதுக்கு முன்னாடியே அதை அனுப்பிடுங்க."

"உத்தரவு!" என்றார் மாமா.

ஊருக்குக் கிளம்பும் நாளில் இரட்டைச் சடைக்காரி ஒரு தாளை நீட்டினாள். மாமா படித்துச் சொன்னார்.

"பந்து வேண்டாம். சாக்பீஸ் ரெண்டு டப்பா. ஒழுகுற கூரைக்குத் தார்ப்பாய் ஒண்ணு. சுவர்க் கடிகாரம் ஒண்ணு."

"அவ்வளவுதானா?"

"கடைசியா இன்னொண்ணு இருக்கு." மாமா அந்த வரியை அவளுக்கு விரலால் காட்டினார். "தொணதொண, ஒண்ணு."

அவள் முதன்முறையாக ஒரு கேள்வியும் கேட்காமல், இரட்டைச் சடைக்காரியை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.