மெழுகு மிதந்த பொங்கல் பானை

"இதென்னடி கண்றாவி... பொங்கப் பானையில மெழுகுதிரி நாத்தம்!"

காளியாயி போட்ட சத்தத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் எல்லாமே எட்டிப் பார்த்தன. விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டு, அடுப்பு மூட்டி, பால் பொங்கப் போகிற நேரத்தில் மேலே திட்டுத் திட்டாக மெழுகு மிதந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அதுவும் தம்பி வீட்டுக்கென்று காளியாயி பொகவந்தலாவையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த பித்தளைப் பானை!

தம்பி மனைவி மீனம்மாவுக்குப் பார்த்தவுடனேயே புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்துக்குப் பத்திக் துணி செய்யச் சொல்லியிருந்தார்கள். உருக்கிய மெழுகால் துணியில் பூ வரைந்து சாயத்தில் முக்க வேண்டும். மகள் சுதர்ஷினி மெழுகு உருக்கியது இதில்தானா? பாவி மகளே, வீட்டில் வேறு சட்டியே கிடைக்கவில்லையா!

கேட்க நாக்கு துடித்தது. ஆனால் பக்கத்தில் புருஷன் நல்லமுத்து நின்றான். போன மாதம் சாயம் பட்டு அவனுடைய வெள்ளை வேட்டி வீணான அன்றே சொல்லிவிட்டான்: இன்னொரு சாமான் கெட்டால் சித்திரத்தோடு பள்ளிக்கூடமும் முடிந்தது, பிள்ளை கார்மன்டுக்குத் துணி தைக்கும் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று. சொன்னதைச் செய்கிற ஆள்.

"நான்தான் மதினி... வாளி ஒழுகுச்சு. அடைக்கலாம்னு மெழுகு உருக்குனேன்."

"பொங்கப் பானையிலயா? ஒனக்கு மூளை கீளை இருக்கா? நான் கொடுத்ததுன்னா அவ்வளவு எளக்காரம்!"

"நல்ல நாளும் அதுவுமா மானத்த வாங்கிட்டா!" நல்லமுத்துவும் சேர்ந்துகொண்டான்.

மீனம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் வாங்கும் ஏச்சு போதாதென்று பொங்கலன்றும் ஏச்சு! ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புருஷன் மேல், நாத்தனார் மேல், கதவுக்குப் பின்னால் ஊமை மாதிரி நிற்கும் மகள் மேலும்தான்.

"அம்மா இல்ல அத்த... நான்தான்!" சுதர்ஷினி அழுதுகொண்டே ஓடி வந்தாள். "கழுவுனேன். போயிருச்சுன்னு நெனச்சேன்..."

"நாளையிலருந்து ஒனக்குச் சித்திரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" நல்லமுத்து கையை ஓங்கினான்.

அந்தக் கையை மீனம்மா பிடித்துவிட்டாள். கல்யாணமாகி இன்றுவரை அவள் செய்யாத காரியம்.

"அவ செஞ்சது தப்புதாங்க. நானும் அவள ஏசத்தான் போறேன். அதுக்குப் படிப்ப நிறுத்துவீங்களா? பானைன்னா தேய்ச்சு எடுத்துருவேன்... அவ படிப்பு போனா எதப் போட்டுத் தேய்க்கிறது? சொல்லுங்க!"

காளியாயி மீனம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி, இவ்வளவு பேச்சையும் வாங்கிக்கிட்டு நின்னியே... ஒனக்கு வாயில்லையா?" அவள் குரல் உடைந்தது. "நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே, ஆத்தாடி!"

மீனம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மீனம்மாவுக்குக் கோபம் முழுதாக இறங்கவில்லை. ஆனாலும் அவளும் அழுதாள்.

மூக்கைச் சிந்திவிட்டுக் காளியாயி தம்பியிடம் திரும்பினாள்.

"கைய எறக்குடா. சோத்துப் பானையக் கழுவி எடுத்துட்டு வா, அதுலயே பொங்கலாம்."

பித்தளைப் பானையைத் துணியால் பிடித்து இறக்கி, பாலைக் கொட்டிவிட்டு, சுதர்ஷினியின் முன்னால் வைத்தாள்.

"இது இனிமே ஒனக்கு. நல்லா மெழுகு உருக்கு. வேற பானையத் தொட்டே... ஒன் கைய ஒடிச்சிருவேன்!"

நல்லமுத்து கையை இறக்கிவிட்டுச் சோற்றுப் பானையைக் கழுவப் போனான்.