இடது கையுறை

“தனியா அந்தப் பெட்டியில கை விடாதேன்னு எத்தனை தடவைம்மா சொல்றது!” போனில் பேராசிரியர் ஆராவமுதன் கத்தினார். பின்னால் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தின் இரைச்சல்.

“ரெண்டு வருசம் வளர்த்த படிகம் சார்! காத்துப் புகாம பெட்டிக்குள்ள நிரப்பியிருக்கிற ஆர்கான் வாயு தீரப்போகுது, சிலிண்டர் கடைக்காரனும் உங்க தேர் இழுக்கத்தான் வந்திருக்கான். காத்து பட்டா அம்புட்டும் கரி. பொறவு என் பிஎச்டிக்கு யாரு பதில்?”

“தாமோதரும் இப்படித்தான் பேசினான்.”

ஹெப்சிபா போனை வைத்துவிட்டாள். தாமோதர் கதை கேன்டீனில் எங்கள் வரை தெரியும். போன தேரோட்டத்தன்று இதே பெட்டியில் தனியாக வேலை பார்த்தான். பெட்டிக்கடியில் செருப்பு மட்டும் கிடந்தது. யாரோடோ ஓடிவிட்டான் என்றார்கள். செருப்பில்லாமலா என்று கேட்டால் நமக்குத்தான் வம்புக்காரி என்று பேர்.

கையுறை ரப்பர் கிழியாமலிருக்க மோதிரத்தைக் கழற்றுவது லேப் வழக்கம். ஆல்வின் போட்ட நிச்சய மோதிரத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தாள். கரைப்பான் நெடி தொண்டையில் ஒட்ட, ஆளில்லாத வராந்தாவில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்க, பெட்டியின் கண்ணாடி முகப்பிலிருந்து வெளியே நீண்டிருக்கும் இரண்டு கறுப்புக் கையுறைகளையும் பார்த்தாள்; அவற்றுக்குள் கையை விட்டுத்தான் உள்ளே இருப்பதைத் தொட முடியும். வாயு குறைந்தால் இரண்டும் தொங்க வேண்டும். வலது தொங்கியது. இடது நீட்டிக்கொண்டு நின்றது.

இடது கையால் அதை உள்ளே தள்ளினாள். போகவில்லை. அது திருப்பித் தள்ளியது. பிறகு அவள் விரல்களுக்கிடையே விரல்கள் நுழைந்தன. இறுகின. ரப்பருக்கடியில் எலும்பு. சூடு.

கண்ணாடிக்குள் யாருமில்லை. சிவந்த படிகக் குப்பி மட்டும்.

“ஏலே தாமோதரு, நீ முடிக்காட்டி நானும் முடிக்கக் கூடாதா? பிடிச்சுக்கோ! எனக்கு ஒத்தக் கை போதும்!”

வலது கையை வலது கையுறைக்குள் விட்டாள். குப்பியைப் பிடித்து, கட்டைவிரலால் அடைப்பானை இறுக அழுத்தினாள். பொருளை வெளியே எடுப்பதற்கான பக்கவாட்டுச் சிற்றறைக்குள் வைத்து மூடினாள். இடது கையுறை அவளை இழுத்தது. செருப்பு கழன்றது. வெறுங்காலை மேசைக்காலில் ஊன்றினாள். இரண்டு கைகளையும் உருவினாள்.

பக்கக் கதவைத் திறந்து, குப்பியை நெஞ்சோடு அணைத்துத் திரும்பினாள்.

கிண்ணம் காலி.

அவள் டாக்டர் ஹெப்சிபாவாகி, ஆல்வினைக் கட்டிக்கொண்டு புனேக்குப் போய்விட்டாள். மோதிரம் எங்கேயென்று மாமியார் கேட்டதற்கு, “லேப்ல ஒருத்தன் போட்டிருக்கான் அத்தை, வேணும்னா போய்க் கழத்திக்கிடுங்க” என்றாளாம். வாயைப் பாருங்கள். ஆராவமுதன் ஓய்வு பெற்றுச் சென்னையில் மகள் வீட்டோடு.

பூட்டிய லேப்பின் கதவுக் கண்ணாடி வழியே நானும் ஒருதரம் எட்டிப் பார்த்தேன். பெட்டியில் வாயு இல்லை. வலது கையுறை தொங்குகிறது. இடது விறைப்பாக நிற்கிறது. என்னைக் கண்டதும், புதுப்பெண் காட்டுவதுபோல, புறங்கையைத் திருப்பி மோதிரத்தைக் காட்டியது.