மூன்று பேர் தள்ளியும் அசையாத டிராக்டர்

பிற்பகல் 1.45. நாற்றுப் பண்ணையின் கண்ணாடிக் கூடம் ஒரே சத்தத்தில் நொறுங்கியது.

சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் கண்டது இதுதான்: சின்ன டிராக்டர் பின்புறமாகச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே நின்றது. ஓட்டும் இருக்கையில் ஆளில்லை. எஞ்சின் ஓடவில்லை. பின்சக்கரத்துக்கும் நாற்று மேசைக்கும் நடுவில் முதலாளியின் அக்கா கிடந்தார். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை.

2.40. போலீஸ் ஆய்வாளர் வந்து சேர்ந்தபோது அக்காவை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பதினோரு வருட சர்வீஸில் ஆய்வாளர் அம்மாள் பூட்டிய அறைகளையும் மாயமான நகைகளையும் பார்த்திருக்கிறார். டிராக்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதற்கு முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம் என்பதுதான். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது அவருடைய வழக்கம். அதனாலேயே பல பேர் அவரிடம் ஏமாந்திருக்கிறார்கள்.

கண்ணாடிக் கூடத்திலிருந்து மேல்நோக்கி ஒரு மண்பாதை சரிவாக ஏறியது. எண்பது அடி தூரம் இருக்கும். பாதையின் நடுவிலிருந்து கீழ்வரை டிராக்டர் உருண்டு வந்த தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. வழியில் எங்கும் சறுக்கின அடையாளம் இல்லை.

"டிரைவர்தான் மேடம்," என்றார் முதலாளி. "காலையில அக்கா அவனை எல்லார் முன்னாடியும் திட்டினாங்க. அந்தக் கோபம்."

"எதுக்குத் திட்டினாங்க?"

"நாலு தட்டு நாத்தைச் சரிச்சுட்டான்."

"அதுக்காக ஆள் மேல வண்டியை விடுவாரா?"

"வேணும்னு விடலைன்னாலும் அலட்சியம்தானே. மேட்டுல வண்டியை விட்டுட்டு எங்கேயோ போயிட்டான்."

"பிரேக் எப்படி இருந்தது?"

"வண்டி மேல பழி போட வழியே இல்லை மேடம். பெடல் கொஞ்சம் லூசா இறங்குதுன்னு முந்தாநாள் நானே அடியில படுத்து, ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். கால் பட்டா போதும், பிடிக்கும்."

ஆய்வாளர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

3.15. டிரைவர் திரும்பி வந்தார். கூடவே டவுன் மெக்கானிக்கும் வந்தார். எதைக் கேட்டாலும் 'பொறுமை' என்றே பதில் சொல்வதால் பொறுமைக்காரர் என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

"ஒன்னே முக்காலுக்கு எங்கே இருந்தீங்க?" ஆய்வாளர் டிரைவரைக் கேட்டார்.

"இவர் கடையில மேடம். வண்டி நடுப்பாதையில நின்னு போச்சு. இவரைக் கூப்பிடத்தான் போனேன்."

பொறுமைக்காரர் தலையாட்டினார்.

"ஏன் நின்னது?"

"தெரியலை. காலையிலேர்ந்து மண் ஏத்திட்டு மேலயும் கீழயுமா ஒன்பது நடை. பத்தாவது நடையில முக்கி முனகி நின்னுடுச்சு. டிரெய்லரைக் கழட்டி ஓரங்கட்டிட்டு மூணு பேர் தள்ளினோம். முன்னாலயும் வரலை, பின்னாலயும் வரலை. அப்போ மணி ஒன்னு."

"கியர்?"

"தள்ளுறதுக்காக நியூட்ரல்ல போட்டேன். அப்படியே விட்டுட்டேன்."

"கை பிரேக்?"

டிரைவர் தரையைப் பார்த்தார். "அசையாத வண்டிக்கு அது எதுக்குன்னு நினைச்சேன். சக்கரத்துக்கு ஒரு கல்லாவது வெச்சிருக்கணும். வைக்கலை. அது என் தப்பு மேடம்."

"கேட்டீங்களா," என்றார் முதலாளி. "மூணு பேர் தள்ளி நகராத வண்டி முக்கால் மணி நேரம் கழிச்சுத் தானா ஓடுமா? காதுல பூ சுத்துறான்."

கூடத் தள்ளிய இருவரில் ஒருத்தி நாற்று நடுகிறவள். ஆய்வாளரிடம் வலது கையை விரித்துக் காட்டினாள். இரண்டு விரல் நுனியிலும் கொப்புளம்.

"பின்சக்கரத்துக்கு உள்பக்கம் கை பட்டுடுச்சு மேடம். அடுப்புல வெச்ச இரும்பு மாதிரி. ஒரு கருகல் வாடை வேற. ஆனா வண்டி இம்மியும் நகரலை, அது சத்தியம்."

அவளும் மற்றவரும் சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லோருக்கும் நடுவில்தான் இருந்திருக்கிறார்கள். டிரைவர் வெளியே போனதும் பண்ணைக் கதவை உள்பக்கம் பூட்டியிருந்தார்கள். வண்டியைத் தள்ளிவிட அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

ஆய்வாளர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். அதன் உள்பக்கம், பிரேக்கை மூடியிருக்கும் இரும்பு டிரம்மின் மேல் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் துண்டு. நாற்றுத் தட்டில் செருகும் பெயர்ச்சீட்டு. மெழுகாக உருகி ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். இப்போது ஜில்லென்று இருந்தது.

டிரைவரை நிலையத்துக்கு அழைத்துப் போகத்தான் வேண்டியிருந்தது. அன்று மாலை முழுக்க ஆய்வாளருக்கு ஒரே யோசனை. வழக்கமாக நாலு பேர் சொன்னால் அதில் ஒருவராவது பொய் சொல்லியிருப்பார், அந்த நூலைப் பிடித்து இழுத்தால் போதும். இங்கே யாரைப் பார்த்தாலும் பொய் சொல்கிற முகமாக இல்லை. சரி, எல்லோரும் உண்மையைச் சொல்லியிருந்தால்? வண்டி ஒரு மணிக்கு இறுகிக் கிடந்தது. ஒன்னே முக்காலுக்கு ஓடியது. இடையில் யாரும் தொடவில்லை. தொடாமலே மாறியது ஒன்றே ஒன்றுதான். சூடு.

மறுநாள் காலை 9.00. பொறுமைக்காரர் டார்ச்சோடு வண்டியின் அடியில் நுழைந்தார். பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"என்ன?"

"பொறுமை மேடம். சொன்னா நம்ப மாட்டீங்க, காட்டுறேன். ஒரு டிரெய்லர் மண் வேணும். ஒரு கயிறு வேணும்."

கண்ணாடிச் சுவருக்குள் நின்ற நிலையைப் படம் எடுத்து முடித்திருந்தார்கள். வண்டியை வெளியே எடுத்தார்கள். பின்பக்கம் நசுங்கியிருந்ததே தவிர எஞ்சின் ஒழுங்காக ஓடியது.

11.30. அதே பாதை, அதே சுமை. பொறுமைக்காரர் ஓட்டினார். நிலையத்திலிருந்து அழைத்துவந்த டிரைவர் ஒரு பக்கமும் முதலாளி மறுபக்கமும் நின்று பார்த்தார்கள். ஆறாவது நடையில் கருகல் வாடை வந்தது. எட்டாவது நடையில், ஏற்றத்தின் பாதியில், வண்டி முனகி நின்றது. டிரெய்லரைக் கழற்றி ஓரங்கட்டினார்கள். நியூட்ரல். கை பிரேக் இல்லை. வண்டியின் முன்பக்கத்தை மேட்டிலிருந்த மரத்தோடு கயிற்றால் கட்டி, கயிற்றைத் தொய்வாக விட்டார்கள்.

"தள்ளுங்க," என்றார் பொறுமைக்காரர்.

முதலாளியே தோள் கொடுத்தார். இரண்டு காவலர்களும் சேர்ந்தார்கள். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"இப்போ யாரும் கிட்டப் போகாதீங்க."

12.20. காத்திருந்தார்கள். 12.40. டிரம் ஆறும்போது 'டிக்' என்று சன்னமாக ஓசை கேட்டது. ஒரு காவலர் கொட்டாவி விட்டார். 12.55. ஆய்வாளருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு இரும்புத் துண்டு குளிர்வதை வேடிக்கை பார்க்கிறோமே என்று கூசியது.

1.04. தரையில் கிடந்த கயிறு நெளிந்தது.

காற்று என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு பின்சக்கரத்தின் பல்லில் ஒட்டியிருந்த ஒரு மண்கட்டி மெல்லக் கீழே இறங்குவதைக் கண்டார். ஒரு விரற்கடை. ஒரு சாண். தொய்ந்து கிடந்த கயிறு தரையை விட்டு எழும்பி, நேராகி, விறைத்தது. மரம் ஒருமுறை குலுங்கியது. கழுத்தில் கயிறு மாட்டிய பெரிய மிருகம்போல டிராக்டர் அதில் தொங்கி நின்றது.

ஆய்வாளருக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. கொலை நடந்த வீடுகளில்கூட அவருக்கு அப்படி ஆனதில்லை. எந்தக் கையும் படவில்லை. தன் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் அவரே நம்பியிருக்க மாட்டார்.

"எப்படி?" என்றார், குரலைத் தாழ்த்தி.

பொறுமைக்காரர் ஒரு குச்சியால் மண்ணில் வரைந்தார். "பெடலை விட்டதும் உள்ளே ஒரு பிஸ்டன் முழுசாப் பின்னால வரணும். வந்தாத்தான் ஒரு துளை திறக்கும். ஊசிமுனை அளவுதான். சூட்டுல பிரேக் எண்ணெய் பெருகும்ல, அது அந்த வழியாத்தான் டப்பாவுக்குத் திரும்பணும். அதுக்காகத்தான் வண்டி செஞ்சவன் பெடல்ல கொஞ்சம் ஆட்டம் விட்டு வெச்சிருக்கான். ஆட்டம் இல்லைன்னா துளை மூடியே இருக்கும். எண்ணெய்க்குப் போக வழியில்லை. பிரேக்கை அமுக்கிட்டே இருக்கும். உரச உரசச் சூடு, சூடு ஏற ஏற இறுக்கம். கடைசியில பூட்டிக்கும். ஆறினா எண்ணெய் சுருங்கும், பிடி தானா விட்டுடும்."

"ஆட்டம் ஏன் இல்லாம போச்சு?"

"பெடல் கம்பியில ஒரு நட்டு. சுத்தி எல்லாம் அழுக்கு, அந்த நட்டோட விளிம்பு மட்டும் புதுசா பளபளக்குது. யாரோ ரெண்டு சுத்து இறுக்கியிருக்காங்க."

ஆய்வாளர் நோட்டைத் திறந்தார். நேற்று எழுதிய முதல் பக்கம். சத்தமாகப் படிக்கவில்லை. முதலாளியின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"கல் வைக்காதது டிரைவர் தப்பு. அதை அவரே முதல் நாளே சொல்லிட்டார். வண்டியை ஓட வெச்சது அவர் இல்லை. பெடலை இறுக்கினது நீங்க. பிரேக் நல்லா இருந்ததுக்கு அத்தாட்சியா நீங்க சொன்னீங்க. அதைக் கேட்டு நானும் தலையாட்டினேன். நேத்து முழுக்க அதுதான் என் கண்ணுல படலை."

முதலாளி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். அப்படியே பாதையோரம் உட்கார்ந்துவிட்டார்.

"அக்காவும் சில நாள் இந்த வண்டியை ஓட்டுவாங்க," என்றார். "அவங்களுக்குச் சட்டுனு பிடிக்கணும்னுதான் இறுக்கினேன்."

டிரைவர் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆய்வாளர் தலையசைத்ததும் வீட்டுக்கு நடந்தார்.

மாலை 5.00. இடுப்பெலும்பில் கட்டோடு அக்கா கண் விழித்திருந்தார். வாக்குமூலம் வாங்க வந்த ஆய்வாளர் கதவருகே நின்றுகொண்டார். தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் போய், நட்டிலிருந்து கயிறு வரை எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. நீதிமன்றம் கேட்டாலும் இதையேதான் சொல்வேன் என்றார்.

அக்கா கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அவன் ராத்திரி எங்கே இருந்தான்?"

"யாருக்கா?"

"டிரைவர்."

"ஸ்டேஷன்ல."

"இப்போ?"

"வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"நீ அவன் வீட்டுக்குப் போனியா?"

"இல்லைக்கா. நேரா இங்கதான் வந்தேன்."

"எனக்கு ஒன்னும் ஆகலை, படுத்துதான் இருக்கேன்," என்றார் அக்கா. "முதல்ல அங்க போ. அவன் பொண்டாட்டி முன்னாடி, பிள்ளைங்க முன்னாடி, இப்போ என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு. அப்புறம் இங்க வா."

தம்பி எழுந்தார். ஆய்வாளர் கதவை விட்டு விலகி அவருக்கு வழி விட்டார்.