இரண்டாம் ஆட்டத்துக்கு வந்தவன்

உலகப் போர் முடிந்த குளிர்காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹாலிவுட்டில் இருந்த எங்கள் வானொலி நிலையத்தின் பின்வாசல் வழியாக நனைந்துகொண்டே உள்ளே போனேன். அங்கே மழை பெய்தால் ஊரே இழவு விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும். எனக்கு மழையைப் பற்றி வேறு அபிப்பிராயம். தகரத் தட்டில் பட்டாணியை உருட்டினால் வருவதுதான் மழை. வானத்திலிருந்து விழுவது ஒருநாளும் அவ்வளவு நன்றாகக் கேட்டதில்லை.

என் பெயர் வெர்னா கோல்ப். வானொலி நகைச்சுவை நாடகங்களுக்குச் சத்தம் போடுகிறவள். வாயால் அல்ல, கையால். தட்டு உடைவது, குதிரை ஓடுவது, மாமியார் படியில் உருள்வது எல்லாம் நான்தான். பெண்பிள்ளைக்கு இது என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. போருக்கு ஆண்கள் போய்விட்டார்கள், நான் வந்துவிட்டேன், திரும்பிப் போகச் சொன்னபோது காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

என் சாமான்களிலேயே பெரியது ஒரு கதவு. நிஜக் கதவு, பித்தளைக் குமிழோடு, சக்கரம் வைத்த மரச் சட்டத்தில் நிற்கும். முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. வானொலியில் நடிகர்கள் மைக்கை விட்டு நகர்வதில்லை. நான் கதவைத் திறந்து மூடினால் ஒருவர் உள்ளே வந்தார். இன்னொரு முறை திறந்து மூடினால் போய்விட்டார். நான் திறக்காவிட்டால், கேட்கிறவர்களைப் பொறுத்தவரை அந்த ஆள் அந்த அறையிலேயேதான் இருக்கிறான்.

அன்று ஹாஸ்கெல் தம்பதியின் நிகழ்ச்சி. எம்மெட்டும் லாட்டியும் நிஜத்திலும் புருஷன் பெண்டாட்டி. வாராவாரம் சண்டை போடுவார்கள், நாடு முழுக்கச் சிரிக்கும். நாட்டின் கிழக்குப் பக்கம் ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் எங்களுக்கு வெயில்கூடத் தாழ்ந்திருக்காது. அதனால் அவர்களுக்காக ஒருமுறை நடிப்போம். பிறகு எங்கள் பக்கத்து ஜனங்களுக்காக, பொழுது சாய்ந்ததும், அதே நாடகத்தை அதே வரிகளோடு மறுபடி நடிப்போம். பார்க்க வருகிற கூட்டம் மட்டும் புதிது. ஒரே நகைச்சுவைக்கு ஒரே நாளில் இரண்டு தடவை பிழைப்பு.

இரண்டுக்கும் நடுவில் எம்மெட் காரை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்ச் சிப்பி சூப் குடித்துவிட்டு வருவான். தொண்டைக்கு நல்லது என்று எப்போதும் கிராம்பு மென்றுகொண்டிருப்பான். ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வரும்.

அன்று அவன் வரவில்லை. போலீசிலிருந்து தொலைபேசி வந்தது.

தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில், மழையில், அவன் கார்மேல் டிராம் வண்டி மோதியிருக்கிறது. அந்த இடத்திலேயே போய்விட்டான்.

தயாரிப்பாளர் பிரென்டிஸ் என்னையும் அறிவிப்பாளர் டட்லியையும் கண்ணாடி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"லாட்டிகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது. ஆட்டம் முடியட்டும், நானே சொல்றேன்."

"அவ புருஷன் சார்," என்றேன். "செத்துப்போன புருஷனோட சண்டை போடச் சொல்றீங்களா?"

"வெளியே ஹால் நிரம்பிக் கிடக்கு வெர்னா. நிகழ்ச்சிக்குப் பணம் போடுற சோப்புக் கம்பெனிக்காரன் முதல் வரிசையில உக்காந்திருக்கான். டட்லி, எம்மெட் வரிகளை நீ படி. கார் ரிப்பேர், தாமதம்னு அவகிட்ட சொல்லியாச்சு."

எங்கள் தொழிலின் கிறுக்கு இது. மேடை எரிந்தாலும் கடைசி வரியைச் சொல்லிவிட்டுத்தான் ஓடுவோம். நான் கத்திப் பார்த்தேன். பிரென்டிஸ் கடிகாரத்தைக் காட்டினார்.

லாட்டி பச்சைக் கவுனில், தலையில் சின்னத் தொப்பியோடு மைக் முன்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"கார் ரிப்பேராம். சூப்புல விஸ்கி ஊத்திக் குடிச்சிருப்பான், வேறென்ன? வரட்டும், மைக்லயே தோலை உரிக்கிறேன்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து கதவின் கீலுக்கு எண்ணெய் போடுகிற மாதிரி நடித்தேன். லாட்டி என் சிநேகிதி. எனக்கு வேலை போகும் நிலை வந்தபோது, வெர்னா இல்லாமல் நான் நடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. வாத்தியங்கள் முழங்கின. கூட்டம் கைதட்டியது.

புருஷன் தாமதமாக வீட்டுக்கு வரும் காட்சி. எனக்கு சைகை வந்தது. கதவைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று என் முழங்கையில் பட்டது.

அந்தக் கதவுக்கு உள்ளே என்று ஒன்று கிடையாது. எதிர்ப்பக்கம் இருந்த பியானோக்காரரின் வழுக்கைத் தலை எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் காற்று வந்தது. ஈரமும் பெட்ரோலும் கலந்த நெடி. அதோடு கிராம்பு.

கதவை மூடினேன். டட்லி வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் ஹாலின் ஒலிபெருக்கியில் எம்மெட்டின் குரல் வந்தது.

"கண்ணு, நான் வந்துட்டேன்."

கூட்டம் ஆரவாரித்தது. டட்லி தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். எம்மெட் திரைக்குப் பின்னால் வேறொரு மைக்கில் பேசுகிறான் என்று லாட்டி நினைத்துக்கொண்டாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"எங்கே போயிருந்தே இவ்வளவு நேரம்?"

"உனக்கு ஒரு பரிசு வாங்கத்தான்."

"எங்கே பரிசு?"

"நானே திரும்பி வந்துட்டேனே, அது போதாதா?"

"பில் இருக்கா? கடையில திருப்பிக் கொடுத்துட்டு வரேன்."

ஹால் அதிர்ந்தது. ஒரு குண்டு மனிதர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு மாலுமிகள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. சுருட்டி வைத்த கம்பிகளும் ஒரு வாளியும் மட்டும் இருந்தன.

கண்ணாடி அறைக்குள் பிரென்டிஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தார். நிறுத்தச் சொல்லி அவர் சைகை காட்டவில்லை. ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருந்ததே!

எம்மெட் அவ்வளவு நன்றாக ஒருநாளும் நடித்ததில்லை. ஒரு வரியும் தவறவில்லை, மூச்சும் வாங்கவில்லை. அவன் எப்போதும் வரிக்கு நடுவில் புஸ்ஸென்று மூச்சு விடுவான். அன்று மூச்சுச் சத்தமே இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. சண்டை முடிந்து இருவரும் சினிமாவுக்குப் புறப்பட வேண்டும். புருஷன் 'கோட்டைப் போட்டுக்கோ, வெளியே குளிரு' என்பான். நான் கதவைத் திறந்து மூடுவேன். போய்விட்டார்கள். இசை.

"லாட்டி," என்றது குரல். "வண்டி ஓடிக்கிட்டிருக்கு. வா."

"கோட்டை எடுத்துக்கறேன் இரு."

"கோட் வேண்டாம் கண்ணு. அங்கே குளிரே தெரியாது."

அந்த வரி நாடகத்தில் இல்லை.

கூட்டம் சிரித்தது. லாட்டி கையிலிருந்த தாள்களைக் கீழே விட்டாள். மைக்கை விட்டு நகர்ந்தாள். நடந்து வந்தாள், என் கதவை நோக்கி. அத்தனை வருஷத்தில் எந்த நடிகரும் அந்தக் கதவை நோக்கி நடந்ததில்லை. அவள் கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

கதவுக் குமிழ் தானாகத் திரும்பியது.

நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்தேன்.

பனிக்கட்டி மாதிரி இருந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து தட்டும் சத்தம். டொக், டொக், டொக். எதிரே, சட்டத்தின் ஓரமாகப் பார்த்தால், பியானோக்காரர் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மரப்பலகை தவிர ஒன்றுமில்லை. நான் தோளைக் கொடுத்துக் கதவோடு ஒட்டிக்கொண்டேன். சத்தம் போடுகிற பெண்பிள்ளை கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிரென்டிஸ் கண்ணாடியைத் தட்டித் தட்டி, திற, திற என்று கையை ஆட்டினார்.

லாட்டி என் அருகில் வந்தாள்.

"திறடி வெர்னா," என்று கிசுகிசுத்தாள். "கூப்பிடுறான்ல."

"மாட்டேன்."

"மழையில நிக்கிறான்."

"லாட்டி, என்னைப் பாரு. என்னைப் பாரேன்!"

அவள் என் விரல்களைக் குமிழிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். அவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ. கதவு இம்மியளவு விலகியது. அந்த இடுக்கில் பியானோக்காரரின் தலை தெரியவில்லை. இருட்டு மட்டும் தெரிந்தது. அந்த இருட்டுக்குள் ஒரு வண்டியின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

கதவுக்கு மேலே ஒரு மைக் தொங்குகிறது, அது ஊசி விழுந்தாலும் நாட்டுக்குச் சொல்லிவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கத்தினேன்.

"எம்மெட் செத்துட்டான் லாட்டி! டிராம்ல அடிபட்டுச் செத்துட்டான்! வெளியே நிக்கிறது உன் புருஷன் இல்ல!"

ஜனங்கள் ஒன்றாக மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

பிறகு ஹால் மொத்தமும் வெடித்துச் சிரித்தது.

அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்தக் குண்டு மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாலுமிகள் விசிலடித்தார்கள். சோப்புக் கம்பெனிக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் லாட்டி என் முகத்தைப் பார்த்தாள், நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டாள், அப்படியே சரிந்து என் காலடியில் விழுந்தாள். குமிழின் இழுப்பு நின்றது. வாத்தியங்கள் முடிவு இசையை வாசித்தன.

அந்த இரண்டாம் ஆட்டத்தைக் கம்பெனிக்காக ஒரு இசைத்தட்டில் பதிவு செய்திருந்தார்கள். அது எப்படியோ வெளியே போய், பழைய வானொலிப் பிரியர்கள் கையில் கிடைத்து, காலம் போகப் போகப் பிரசித்தமாகிவிட்டது. சங்கம் வைத்திருக்கிறார்கள், கேசட்டில் பிரதி எடுத்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள். அப்போது பிறந்தேயிராத பிள்ளைகள் காரில் போகும்போது அதைப் போட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அந்த ஹாலில் சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்று கல்லறையில். ஆனாலும் தட்டைப் போட்டால் அத்தனை பேரும் புத்தம் புதிதாகச் சிரிக்கிறார்கள். தனியாக வீட்டில் இருப்பவருக்கு அதைவிட நல்ல துணை ஏது? நானே பல நாள் மற்ற நிகழ்ச்சிகளைப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவியிருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் கேட்பதில்லை.

லாட்டி அதற்குப் பிறகு நடிக்கவில்லை. கிளென்டேலில் தொப்பிக் கடை வைத்தாள், எனக்கு அடுத்த தெருவில் குடியிருந்தாள், கிழவியாகும் வரை வாழ்ந்தாள். சில நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் இல்லடி" என்பாள். சில நாள் ஜன்னலைப் பார்த்தபடியே, "நீ திறந்திருக்கலாம்" என்பாள். இரண்டையும் மனதாரத்தான் சொன்னாள். போன வசந்தத்தில் தூக்கத்திலேயே போனாள். அவள் போனதிலிருந்து எனக்குப் பேச ஆளில்லை. சொல்வதற்கென்ன, வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நேற்று சாயங்காலம் சங்கத்துச் செயலாளர் ஃபில்லிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். நல்ல பெண். வாய் ஓயாது.

"வெர்னா ஆன்ட்டி, லாட்டி அம்மா ஞாபகார்த்தமா அந்த நிகழ்ச்சியை இப்பத்தான் ரேடியோவுல போட்டோம். போன் மேல போன் வருது! ஆமா, நாடகத்துல உங்க பேரும் உண்டா?"

"கிடையாது. சத்தம் போடுறவ பேரை யாரு சொல்லுவா?"

"அதானே, நானும் இத்தனை தடவை கேட்டிருக்கேன், கவனிச்சதே இல்ல. கதவு தட்டுற இடத்துல ரெண்டு பேரும் சேர்ந்து கூப்பிடுறாங்களே. வெர்னா, வெர்னான்னு."

"ரெண்டு பேரா?"

"எம்மெட்டும் லாட்டியும்தான். கதவுக்கு அந்தப் பக்கத்துல இருந்து."

சமையலறை விளக்கைப் போட்டேன்.

"லாட்டி அம்மா குரல் என்ன இளமையா இருக்கு!" என்றாள் ஃபில்லிஸ். "'வெர்னா, தனியா உக்காந்து என்னடி பண்றே, வா'ங்கிறாங்க. ஜனங்க சிரிக்கிறாங்க பாருங்க, அப்படியொரு சிரிப்பு. ஆன்ட்டி? இருக்கீங்களா?"

கிராம்பு வாசனை வந்தது.

வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், பழகியவர்கள் தட்டுவது போல. நான் தொலைபேசியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தேன். பயம் இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தைவிட அதிகமாக, அவள் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. குமிழில் கை வைத்தேன். இந்தத் தடவை அது சில்லிடவில்லை, வெதுவெதுப்பாக இருந்தது.

மேடையில் நின்று பழகியவர்களுக்கு ஒரு சத்தம் தெரியும். ஹால் நிறைய ஜனங்கள் சிரிப்பதற்குச் சற்று முன்னால் ஒன்றாக மூச்சை உள்ளே இழுப்பார்கள்.

கதவுக்கு வெளியே, என் சின்ன முற்றத்தில், நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.