ஒரே பல்

முந்தைய நாள் காலையில்தான் அவள் அந்த ஜன்னலோரச் செடியைக் குச்சியோடு சேர்த்துச் சிவப்பு நூலால் கட்டினாள். அப்போது குச்சியின் நுனியைக்கூட அது எட்டவில்லை. இன்று மாலை ஜன்னல் திரையை விலக்கியபோது செடி அவள் தோளைத் தொட்டது. தண்டு பருத்து நூலைப் பாதி விழுங்கியிருந்தது. நூலை இழுத்தபோது பெருவிரலில் விழுந்த கீறல் மட்டும் நேற்றுப் போலவே சிவந்திருந்தது.

வீட்டில் வளர்கிற பொருள் அது ஒன்றுதான். மற்ற எதுவும் பழையதாவதே இல்லை. சமையலறைச் சுவரை அடைத்து நின்ற நகல் பெட்டியின் இடதறை வேண்டியதைச் செய்து தரும். வலதறை வேண்டாததைக் கரைத்துவிடும். சாப்பிட்ட தட்டை யாரும் கழுவுவதில்லை, கிழிந்த சட்டையை யாரும் தைப்பதில்லை. மின்சாரம் காற்றுபோல ஆகிவிட்டதால் விளக்கை அணைக்கும் பழக்கமும் போய், தெருக்களில் இரவே இல்லாமல் வருடங்கள் ஆகிவிட்டன. உயிருள்ள எதையும் பெட்டி நகலெடுக்காதபடி ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டுகளைச் சரிபார்ப்பதுதான் அவள் கணவனின் வேலை.

"அம்மா, விழுந்துடுச்சு!"

பாப்பா உள்ளங்கையை நீட்டினாள். முன்பல். ஓரத்தில் நொய்யரிசி அளவு ஒரு விள்ளல் உடைந்திருந்தது.

"ஓட்டைவாய் மகாராணி! குடு, வலதறையில போட்டுடலாம்."

"ஊஹூம். என் டப்பாவுல வைக்கணும். அதுல நிறைய இருக்கு."

"உனக்கு விழுந்ததே இது ஒண்ணுதான்டி, புளுகுமூட்டை."

"நீதான் புளுகு. வந்து பாரு."

கட்டிலுக்குப் பின்னால் சுவர் இடுக்கில் இருந்தது அந்தப் பென்சில் டப்பா. தூக்கியபோது கனத்தது. உள்ளே கூழாங்கல் உருள்வது போன்ற ஓசை. மூடியைத் திறந்தாள்.

பற்கள். டப்பா நிறைய. ஒன்றை எடுத்தாள். ஓரத்தில் விள்ளல். இன்னொன்றை எடுத்தாள். அதே ஓரம். அதே விள்ளல்.

"இதெல்லாம் ஏதுடி?"

"தெரியல. காலையில பார்த்தேன். எல்லாம் என்னோடது மாதிரியே இருக்கு, இல்ல?"

தன்னை அறியாமல் பாப்பாவை இழுத்து அணைத்தாள். உடம்பு சுட்டது. காதுக்குப் பின்னால் மைத்துளிகள் போல மூன்று நீலப் புள்ளிகள்.

சமையலறையிலிருந்து நனைந்த சாம்பல் வாசனை வந்தது. வலதறை சூடேறும்போது வரும் வாசனை. யார் அதைப் போட்டது?

கணவன் அறை வாசலில் நின்றிருந்தான். அவன் கண்கள் டப்பாவின் மேல் இருந்தன.

"பாப்பா இதை எங்க வெச்சிருந்தா?" உள்ளே வந்தான். "இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே."

"எத்தனை நாளா?"

குழாய் சொட்டியது. மறுபடி சொட்டியது.

"பூட்டு வேலை செய்யுதான்னு பார்க்க, படம் எடுக்கிறேன்னு சொல்லி உங்க ரெண்டு பேரையும் இடதறையில நிக்க வெச்சேன்ல?"

"நேத்து சாயங்காலம்."

அவன் செடியைப் பார்த்தான்.

"பூட்டு வேலை செய்யல. நீங்க ரெண்டு பேரும் பெட்டியில பதிவாயிட்டீங்க. மறுநாள் இவளுக்குப் புள்ளி வந்தது. ராத்திரிக்குள்ள முடிஞ்சுபோச்சு. டாக்டருங்களால ஒண்ணும் முடியல." சட்டை நுனியைத் திருகினான். "ஆனா முந்தின நாள் பாப்பா பெட்டியில இருந்தா. முதல்ல அவளை மட்டும்தான் நகல் எடுத்தேன். அவ திரும்பத் திரும்பப் போறதை நீ தாங்கல. அப்புறம் உன்னையும். தினம் சாயங்காலம். வலி வர்றதுக்குள்ள."

"புள்ளி வந்த பிள்ளையை என்ன பண்ணீங்க?"

அவன் அழுதான். அழுதபடியே சொன்னான்: "தட்டு அழுக்கானா நாம என்னம்மா பண்றோம்?"

அவள் பாப்பாவை மடியில் ஏற்றி இறுக்கிக்கொண்டாள். "இவளை விடமாட்டேன். என் மடியிலேயே போகட்டும். என் பிள்ளையா போகட்டும்."

"நேத்தும் இதையேதான் சொன்ன. அந்தச் செடியைப் பார்த்துட்டு, ஒரே நாள்ல எப்படி வளர்ந்ததுன்னு தினமும் கேக்குற. வெட்டிடணும்னு நினைப்பேன். மனசு வராது. இந்த வீட்டுல நாளைக்குன்னு ஒண்ணு இருக்கிறது அதுக்கு மட்டும்தான்."

வாசலுக்கு நேரே, சமையலறையில் இடதறை உறுமத் தொடங்கியது.

"நிறுத்துங்க."

உறுமல் உயர்ந்தது.

"என்னங்க. நிறுத்துங்க!"

நின்றது. தாழ் விலகும் சத்தம். உள்ளிருந்து சிரிப்பு. அவளுடைய சிரிப்பு.

"கண்ணை மூடாதேடி, படம் கெட்டுடும்... என்னங்க, எடுத்தாச்சா?"

கதவிடுக்கில் ஒரு கை. பெருவிரலில் சிவந்த கீறல். இடுப்பில் குழந்தை. நாக்கால் முன்பல்லை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா," மடியிலிருந்த பாப்பா கேட்டாள், "அது யாரு?"

வலதறைக் கதவு மெல்லத் திறந்தது. உள்ளே, அந்த ஊரில் மிச்சமிருந்த ஒரே இருட்டு.